பின்வாசல் பேணி

அஜின்கோர்ட்
ஒக்ரோபர் 5

அன்பு மகள் நிரூபாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அழைப்பு எடுக்கிறாய், முகம் தெரிகிறது, சிரிக்கிறாய், பிறகு கம்பாலாவில் மின்சாரம் போய்விடுகிறது. நான் கேட்க வைத்திருந்ததில் பாதி கேட்காமலே போய்விடுகிறது. அதோடு இந்த அடுக்குமாடிக் கொண்டோவின் சுவர்களும் உனக்குத் தெரியும். குசினியில் கதைத்தால் அப்பாவுக்கு அறையில் கேட்கும். ஆகவே இனி முக்கியமானவற்றைக் கடிதமாகவே மின்னஞ்சலில் எழுதப் போகிறேன். அம்மா பழைய காலத்துக்குப் போய்விட்டா என்று சிரிக்காமல் வாசி.

முதலில் கண்டிப்பு. மோட்டார் சைக்கிள் ராக்சியில், தலையில் ஒன்றும் போடாமல் போகிற படத்தைக் கீதனுக்கு அனுப்பினாயாம். அவன் அதைத் தன் தாய்க்குக் காட்ட, அவர் உடனே எனக்குத் தொலைபேசி எடுத்து, பிள்ளை உண்மையா படிக்கத்தானே போனவ என்று கேட்டார். நான் என்ன சொல்ல? ஆபிரிக்க நாவல்களை ஆராய்கிறவர்கள் அங்கே அப்படித்தான் போவார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். வைகாசியில் உனக்கும் அவனுக்கும் கலியாணம். அதுவரைக்குமாவது கையும் காலும் உடையாமல் இரு.

நீ விமான நிலையத்தில் என் கையில் திணித்துவிட்டுப் போன நாவலைத் தமிழாக்கும் வேலை ஏழாம் அத்தியாயத்தில் வந்து நிற்கிறது. அதை எழுதிய எஸ்தர் நபுக்கெனியாவை நான் இரண்டு தரம் சந்தித்துவிட்டேன். உகண்டாவில் பிறந்த நாவலாசிரியர் ஒருவர் ரெக்ஸ்டேலில், பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறார். நாங்கள் இங்கே ஆபிரிக்க இலக்கியம் பற்றி அனலாகப் பேசிக்கொண்டிருந்தோம், அவரை ஒருவருக்கும் தெரியாது. மனிசி பெரிய பகிடிக்காரி. சிரிக்காமல் சொல்லுவார், நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரிப்போம்.

எங்கள் வாசகர் வட்டம் நவம்பர் கடைசியில் நூலை வெளியிடுகிறது. தலைவர் தியாகலிங்கம் அண்ணை இப்போதே தலைமையுரை எழுதத் தொடங்கிவிட்டார். வட்டத்தின் தலைவரே உன் மாமனாராகவும் வாய்த்தால் என் நிலைமை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். ஒரு மேற்கோளை மறுத்துப் பேசினால், கலியாண மண்டபம் வரைக்கும் அது போகுமோ என்று பயப்பட வேண்டியிருக்கிறது.

ஆபிரிக்க எழுத்தாளர்கள் வெள்ளைக்காரனுக்குப் பதில் எழுதினார்கள் என்பதோடு பின்காலனிய ஆய்வை நிறுத்திவிடக் கூடாது, அவர்கள் தங்கள் வீட்டுக்குள்ளும் தங்கள் தெருவுக்குள்ளும் பார்த்து எழுதினார்கள், அங்கிருந்து தொடங்க வேண்டும் என்று உன் பேராசிரியர் ஜூலியஸ் வகுப்பில் சொன்னதாக எழுதியிருந்தாய். அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உவள் உதைக் கண்டுபிடிக்க உகண்டாவுக்குப் போக வேணுமோ என்றார்.

ஏழாம் அத்தியாயம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நீ ஆராய்ச்சிக்காக வாசித்தவள். எனக்கு ஒவ்வொரு சொல்லையும் கையால் தொட வேண்டியிருக்கிறது. சின்ன ஊர். ஒரு குஜராத்திக் கடை. அங்கே வேலைக்கு நிற்கும் நமுலி என்ற சிறுமி. அவளைக் கொண்டுவந்து விட்டது அவளுடைய சொந்த மாமன், ஊர்த் தலைவன். கடைக்காரர் நகரத்துக்குப் போயிருக்கும் நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறுகிறது. நமுலி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மழைச் சேற்றுக்குள்ளால் மருந்தகத்துக்கு ஓடுகிறாள். குழந்தை பிழைக்கிறது. கடைக்காரரின் மனைவி அவளைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். நமுலி குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள். கடைக்காரி, பின்வாசல் ஆணியில் தொங்குகிற தகரக் குவளையைக் காட்டுகிறாள். அவளுக்கென்று எப்போதும் தொங்குகிற பேணி. நமுலி குடித்துவிட்டு, கழுவித் திரும்பத் தொங்கவிடுகிறாள். அதற்கு மேல் எஸ்தர் ஒரு சொல்லும் எழுதவில்லை. அடுத்த அத்தியாயத்தில் மழை விட்டுவிடுகிறது.

எழுதி முடித்த பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பைத் திரும்பத் துடைத்தேன். யன்னலுக்குப் போனேன், ஷெப்பர்டில் பஸ் போவதைப் பார்த்தேன், திரும்பி வந்து அதே பக்கத்தை வாசித்தேன். பேணி என்ற சொல் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. கொஞ்சம் கூடச் சரியாக விழுந்துவிட்டதோ என்று பயமாக இருந்தது.

எல்லா அத்தியாயங்களையும் அப்பாதான் திருத்துகிறார். மாநகராட்சியில் கட்டடங்களைப் பரிசோதித்த பழக்கம், காற்புள்ளி விலகினாலும் சிவப்புக் கோடு போடுவார். ஏழாம் அத்தியாயத்தில் ஒரு கோடும் இல்லை. தாள்களை மேசையில் வைத்துவிட்டு, காருக்குக் காற்றுப் பாத்திட்டு வாறன் என்று கீழே இறங்கினார். முதல் நாள்தான் காற்றடித்திருந்தார்.

இன்னுமொன்று. கீதனின் தாய் நேற்றும் கேட்டார், நிரூபாவின்ரை அப்பாவுக்கு ஊரிலை எந்தப் பக்கம், கோயிலடியோ ஸ்ரேசனடியோ என்று. கலியாணப் பேச்சு எடுத்ததிலிருந்து இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பள்ளிக்கூடத்தடி என்று சொன்னேன். பள்ளிக்கூடம் எல்லோருக்கும் பொதுவான இடம்தானே. நீ இதைப் பெரிதாக எடுக்காதே, பெரியவர்கள் கேட்கிறதுதான்.

மலேரியாக் குளிசையை மறக்காமல் எடு.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா

---

அஜின்கோர்ட்
நவம்பர் 2

அன்பு மகள் நிரூபாவுக்கு,

இந்தக் கடிதத்துக்கு நீ ஆய்வாளராகப் பதில் எழுது. மகளாக எழுதாதே. மகளாக எழுதினால் என் மேல் இரக்கப்படுவாய், அது எனக்கு உதவாது.

தியாகலிங்கம் அண்ணை முழு மொழிபெயர்ப்பையும் வாசித்துவிட்டுத் தொலைபேசி எடுத்தார். அருமையான தமிழ், குணவதி என்றார். அவர் யாரையும் புகழ்ந்துவிட்டுத்தான் வெட்டுவார். நினைத்தபடியே, உந்த ஏழாம் அத்தியாயம் வேணுமோ என்று கேட்டார்.

அவருக்கு நியாயங்கள் இருக்கின்றன. அவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன், பிறகு நான் பக்கச்சார்பாக எழுதினேன் என்று நீ குறை சொல்லக் கூடாது. ஆபிரிக்கரையும் எங்களையும் வெள்ளைக்காரன் ஒரே சப்பாத்தால் மிதித்தவன், அந்த வலிதான் இந்த நாவலை எங்களுடையதாக்குகிறது, ஏழாம் அத்தியாயத்தில் வெள்ளைக்காரன் தப்பிவிடுகிறான் என்கிறார். அதைவிட, அந்தக் கடைக்காரர்களைப் பிறகு உகண்டாவிலிருந்து ஒரு பெட்டியோடு துரத்தினார்கள், எங்களையும் அப்படித்தான் துரத்தினார்கள், துரத்தப்பட்ட சனத்தைக் கெட்டவர்களாகக் காட்டும் பகுதியை நாங்களே எங்கள் காசில் அச்சடிக்க வேண்டுமா என்று கேட்கிறார். கடைசியில் குரலைத் தணித்து, பேணி எண்டு வேறை போட்டிருக்கிறீர், வாசிக்கிற சனம் என்ன நினைக்கும் என்றார். எனக்கென்னவோ இந்தக் கடைசிதான் முதலாவது என்று பட்டது.

கெட்டவர்களாக எங்கே காட்டியிருக்கிறது அண்ணை, கடைக்காரி நமுலிக்கு எண்ணச் சொல்லிக் கொடுக்கிறாள், தின்னப் பலகாரம் கொடுக்கிறாள், கட்டிப்பிடித்து அழுகிறாள், நல்ல மனிசி என்றேன். அதுதான் இன்னும் மோசம் என்றார் அவர். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. நல்ல மனிசியின் கைதான் அந்த ஆணியைக் காட்டுகிறது, அதனால்தான் என்னாலும் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

எஸ்தரிடம் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், அவர் சிரித்தார். எந்த நாட்டில் வெளியிட்டாலும் வாசகர்கள், உன் நாவலில் வெள்ளைக்காரன் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்களாம். அவன் நகரத்தில் இருந்தான், எங்கள் ஊரில் இருந்தது அந்தக் கடையும் என் மாமாவும்தான், நான் பார்த்தவர்களைப் பற்றித்தானே எழுத முடியும் என்றார். தன் சொந்தச் சனமே மாமன் வருகிற பகுதிகளை எடுக்கச் சொன்னதாம். முதலில் லுகண்டா மொழியில் எழுதியதற்கும் காரணம் அதுதானாம், மாமன் உயிரோடு இருந்தால் அவருக்கு விளங்க வேண்டும் என்று. பிறகுதான் தானே ஆங்கிலத்தில் எழுதினாராம். அத்தியாயத்தை எடுப்பது உன் விருப்பம், ஆனால் எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடு என்று பகிடி போலச் சொன்னார். அது பகிடி இல்லை என்று எனக்குத் தெரியும்.

இனி உண்மையான கஷ்டத்துக்கு வருகிறேன். இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் என் பக்கம் நிற்பார் என்று நம்பினேன். அவர், எடுத்துவிடும் குணவதி, ஒரு அத்தியாயம்தானே, பிள்ளையின்ரை வாழ்க்கை என்றார். கேட்டதும் எனக்கு எப்படிக் கோபம் வந்தது என்று சொல்ல முடியாது. சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் சாப்பிடாமல் இருந்தேன். அவரும் தொடவில்லை. குத்தரிசிச் சோறும் மீன் குழம்பும் அப்படியே ஆறிக் கிடந்தது. யாருடைய கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை.

அத்தியாயத்தை அப்படியே விட்டால் தியாகலிங்கம் அண்ணையின் மனம் கசக்கும். மனம் கசந்தால் அவர் வீட்டில் கேள்விகள் கூடும். கலியாணத்துக்கு இன்னும் ஆறு மாதம் கிடக்கிறது. எடுத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை, பொன்னாடை உண்டு, பத்திரிகையில் படம் உண்டு. எனக்குப் பின்னால் ஒரு கிழவிபோல எந்த நேரமும் ஏதோ ஒன்று முணுமுணுத்துக்கொண்டு நடக்கிறது. கடைக்குப் போனால் எதை வாங்க வந்தேன் என்று மறந்துபோகிறது. நேற்று முருங்கைக்காய் வாங்கப் போய் இரண்டு பாண் வாங்கிக்கொண்டு வந்தேன், வீட்டில் ஏற்கெனவே இரண்டு பாண் இருந்தது.

இலக்கியம் என்ன செய்யும் என்று ஒரு முழு ஆய்வேடு எழுதுகிறவள் நீ. உன் அம்மா இந்த ஒரு அத்தியாயத்தை என்ன செய்ய வேண்டும் என்று சொல். கெதியாகச் சொல், அச்சகத்தார் கேட்கிறார்கள்.

அம்மா

---

அஜின்கோர்ட்
நவம்பர் 23

என் அன்பு மகளுக்கு,

இதை முழுவதும் வாசித்த பிறகு தொலைபேசியை எடு. இடையில் எடுக்காதே. கீதனின் வீட்டிலிருந்து அதற்குள் யாராவது ஏதாவது சொல்லியிருந்தால், அதை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு நான் சொல்வதையும் கேள்.

போன கடிதத்துக்கு நீ ஆய்வாளராகத்தான் பதில் போட்டாய். ஒரு வரியையும் எடுக்காதேங்கோ அம்மா, எடுத்தால் நமுலியை இரண்டாம் தரமும் நாங்கள் பின்வாசலிலை நிப்பாட்டின மாதிரி என்று எழுதியிருந்தாய். அப்பா அதை வாசித்தார். தனக்கும் அனுப்பச் சொல்லிக் கேட்டார். பிறகு பல தடவை தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். செய்தி வாசிக்கிறார் என்று நான் நினைத்தேன்.

போன ஞாயிறு எஸ்தரை வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்தோம். தியாகலிங்கம் அண்ணையும் அவர் மனைவியும் வந்தார்கள். எழுத்தாளரே நேரில் சொன்னால் அண்ணை இளகிவிடுவார் என்பது என் கணக்கு. வடை சுட்டேன், கேக் வாங்கினேன், வரவேற்பறையைக் கூட்டிக் கூட்டித் தரையே தேய்ந்திருக்கும். எல்லாம் சரியாகத்தான் போனது. அண்ணை தன் தலைமையுரையில் பாதியை அங்கேயே சொல்லி முடித்தார், எஸ்தர் பொறுமையாகத் தலையாட்டினார்.

தேநீர் கொடுத்தது நான். எங்கள் எல்லோருக்கும் வழமையான எவர்சில்வர் பேணியில் ஊற்றினேன். எஸ்தர் வெளியாள், பெரிய எழுத்தாளர், சில்வரின் சூடு அவருக்குப் பிடிக்கத் தெரியாது என்று நினைத்து, உன் கலியாணப் பேச்சுக்கென்று வாங்கிய தங்கக் கரைக் கோப்பைகளில் ஒன்றை எடுத்துத் துடைத்து, தட்டும் வைத்து, அவருக்கு மட்டும் தனியாகக் கொடுத்தேன். மரியாதை என்றுதான் செய்தேன். எங்கள் வீடுகளில் வெள்ளைக்காரர் வந்தாலும் கறுப்பர் வந்தாலும் அப்படித்தானே செய்வோம். ஏழாம் அத்தியாயத்தைச் சொல் சொல்லாகத் தமிழாக்கிய கைதான் இதையும் செய்தது, நிரூபா. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

எஸ்தர் கோப்பையைப் பார்த்தார். எங்கள் கைகளில் இருந்த பேணிகளைச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், இதற்கு ஆணி எங்கே அடித்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

பகிடிதான். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. தியாகலிங்கம் அண்ணை முன்னால் சாய்ந்து, இது கௌரவம், எங்கள் பண்பாட்டில் விருந்தாளியை உயர்த்தி வைப்பது என்று விளக்கத் தொடங்கினார். நல்ல ஆங்கிலம், நீளமான விளக்கம். எஸ்தர் கேட்டுவிட்டு, என் கதையில் வருகிற கடைக்காரியும் நல்லாகத்தான் விளக்குவாள் என்றார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் போதும் என்று இருந்தது.

அப்போதுதான் அப்பா பேசினார். வட்டத்தில் கதிரை அடுக்குவார், படம் எடுப்பார், ஒலிவாங்கி பார்ப்பார், வாய் திறந்து நாங்கள் கேட்டதில்லை. தன் ஊரிலும் அந்த ஆணி இருந்தது என்று எஸ்தரைப் பார்த்துச் சொன்னார். தன் அம்மா வேலை செய்த வீட்டில் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றினார்கள் என்றும், பிறகு காலம் மாறியதென்று பள்ளிக்கூடத்தடித் தேநீர்க் கடையில் பின்பக்கம் ஒரு தகரப் பேணியைத் தொங்கவிட்டார்கள் என்றும், புத்தகங்களோடு வந்து அதில் குடித்துத்தான் தான் சோதனைக்குப் படித்ததாகவும் சொன்னார். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார். தமிழில் என்றால் அவரால் சொல்லி முடித்திருக்க முடியாது என்று பிறகு எனக்குத் தோன்றியது.

தியாகலிங்கம் அண்ணை தமிழில், எந்தக் கடை, சச்சி என்று அப்பாவைக் கேட்டார். ஆபிரிக்காவில் எந்த ஊரில் எந்த ஆண்டு என்ன போராட்டம் என்று மனப்பாடமாகச் சொல்கிற மனிதருக்கு, அந்த நேரம் வாயில் வந்தது அதுதான். அப்பாவும் தமிழுக்கு மாறினார். பள்ளிக்கூடத்தடிக் கடைதான் அண்ணை, நீங்களும் அதாலை போகேக்கை முன்பக்கம் நிண்டு குடிச்சிருப்பியள் என்றார். கோபமில்லாமல், வழி சொல்கிறவர் மாதிரிச் சொன்னார்.

இப்போது உனக்கு விளங்கியிருக்கும். என் கலியாணத்துக்கு மாமாமார் ஏன் வரவில்லை என்று நீ சின்ன வயதில் கேட்டபோது, காதல் கலியாணம் அதனால்தான் என்று சொன்னேன். அது பொய்யில்லை, பாதி உண்மை. ஸ்காபரோ பிஸ்கற் தொழிற்சாலையில் இரண்டு பேரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அப்பா எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். என்னை யோசிக்கச் சொன்னார். நான் யோசிக்கவில்லை, நேரே ஓம் என்றேன். நீ பிறந்த பிறகு, இந்த நாட்டிலை பிறந்த பிள்ளைக்கு உந்தப் பாரம் எதுக்கு என்று அவர் கேட்டார். எனக்கும் அது சரியாகப் பட்டது. ஆகவே உனக்குச் சொல்லவில்லை. உன் தகப்பன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. குற்றம் செய்தவர் மாதிரி இவ்வளவு காலம் கோயிலடியோ ஸ்ரேசனடியோ என்ற கேள்விக்குப் பயந்துகொண்டு இருந்தார். அதை நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக வருகிறது.

தியாகலிங்கம் அண்ணையும் மனைவியும் மரியாதையாகத்தான் எழுந்து போனார்கள். பிந்துது, வாறம் என்றார்கள். கீதனின் தாய் பேணியில் பாதித் தேநீரை விட்டுவிட்டுப் போயிருந்தார். சீனி கூடியிருக்கலாம். அந்தப் பேணியைக் கழுவ மனமில்லாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எஸ்தர்தான் குசினிக்குள் வந்து அதை எடுத்துக் கழுவினார். தங்கக் கரைக் கோப்பையைத் தொடவில்லை, சில்வர் பேணியில் தனக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். சூடு, ஆனால் பிடிக்கலாம் என்றார்.

அதன்பிறகு இந்த வீட்டில் தொலைபேசி அடித்தால் நாங்கள் இரண்டு பேரும் திடுக்கிடுகிறோம். வட்டத்தின் வாட்ஸ்அப்பில், மண்டபப் பிரச்சினையால் வெளியீடு பிற்போடப்படுகிறது என்று ஒரு வரி வந்தது. மண்டபம் தருகிற நூலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். மண்டபம் எங்கள் பெயரில் அப்படியேதான் இருக்கிறது என்றார்கள். நேற்றுச் சனிக்கிழமை அப்பாவின் காருக்குக் குளிர்கால ரயர் மாற்றித் தருகிறேன் என்று கீதன் சொல்லியிருந்தான். அப்பா காலையிலேயே சப்பாத்துப் போட்டுக்கொண்டு கீழே போய் நின்றார். மத்தியானம் மேலே வந்து, பொடியனுக்கு வேலை போல என்றார். வேலையாகவும் இருக்கலாம். அவன் நல்ல பொடியன். உன்னிடம் அவன் என்ன சொன்னான், ஒன்றும் சொல்லவில்லையா, எனக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கிறதுதான் என்னைத் தின்கிறது.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஏழாம் அத்தியாயத்தோடு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். வெளியீடு ரெக்ஸ்டேலில், எஸ்தர் போகிற தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில். யார் வருவார்களோ தெரியாது. கதிரை அடுக்க அப்பா வருகிறாராம், இந்த முறை ஒலிவாங்கியில் வாசிக்கவும் கேட்டிருக்கிறேன்.

அனுப்புவதற்கு முன்னம் அப்பா அந்த அத்தியாயத்தைத் திரும்பக் கேட்டு வாங்கினார். இந்த முறை ஒரு சிவப்புக் கோடு போட்டுத் தந்தார். நமுலி தண்ணீர் குடித்துவிட்டுப் பேணியைக் கழுவித் திரும்பத் தொங்கவிடுகிறாள் என்று இருக்கிறதல்லவா. ஓரத்தில், குடிக்க முதலும் கழுவுவம், வெளியிலை கிடக்கிறதாலை எறும்பு இருக்கும் என்று எழுதியிருந்தார். கழுவுவாள் என்று எழுதவில்லை. கழுவுவம் என்று எழுதியிருந்தார்.

மொழிபெயர்க்கிறவள் மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது. ஆகவே எஸ்தருக்கு எடுத்துச் சொன்னேன். அவர், லுகண்டாவில் அப்படித்தான் எழுதினேன், எறும்பும் இருக்கிறது, ஆங்கிலத்தில் பதிப்பித்தவர் வேகத்தைக் குறைக்கிறது என்று சொன்னதால் எடுத்துவிட்டேன் என்றார். உன் கணவருக்கு லுகண்டா தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். இரண்டு பேரும் தொலைபேசியில் அழுதோம். தமிழில் அந்த வரி இருக்கிறது. உன் பல்கலைக்கழக நூலகத்தில் அந்த லுகண்டாப் புத்தகம் இருக்கும், போய்ப் பார். உன் ஆய்வுக்கு அது உதவும். எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று எனக்குத் தெரியாது.

மகளே, கலியாணம் நடக்குமா என்று நான் உன்னிடம் கேட்கப் போவதில்லை. அதை நீயும் கீதனும் கதைக்க வேண்டும். நமுலியைப் பற்றி எழுதிய அதே கையால் இதற்கும் நீ பதில் எழுதுவாய் என்று நம்புகிறேன். எங்கே இருந்தாலும் நீ தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கீதனுக்கு எடுப்பதற்கு முன்னம் அப்பாவுக்கு எடு. நான் உனக்கு எழுதுவது அவருக்குத் தெரியும். அப்பாவைப் பிள்ளை இனி எப்படிப் பார்ப்பாளோ என்று இன்று காலை கேட்டார், நான் எழுந்து வந்து இதை எழுதுகிறேன். அவரிடம் ஊரைப் பற்றி ஒன்றும் கேட்காதே. ஆறுதல் சொல்லாதே. அவர் வழமைபோல, இங்கை சரியான குளிர் என்று தொடங்குவார். ஓம் அப்பா என்று கேட்டுக்கொண்டிரு. பிறகு, தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ என்று மட்டும் கேள். அது போதும்.

உன்
அம்மா